கசப்பெல்லாம் மருந்தாகுமா?
ஹாப்ஸ், ஸ்டவுட், நிலவேம்பு பற்றித் தங்காக் வட்டார மூத்த குடிமக்களுக்கு



"கசக்கிறதா? அப்படியானால் உடம்புக்கு நல்லது." சிறு வயதில் வேப்பிலைச் சாறு குடிக்க மறுத்தபோது இந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். லேடாங் மலை அடிவாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவி வாழ்ந்த குடும்பங்களில் இதே பேச்சு வேறோர் இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கருப்பு ஸ்டவுட் கசக்கும். ஆகவே அது தெம்பு தரும், ரத்தம் ஊறும், முட்டை அடித்துக் கலந்து குடித்தால் இன்னும் நல்லது என்றார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குக்கூடக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த நம்பிக்கைக்குப் புதிய துணை ஒன்று கிடைத்திருக்கிறது. பியரில் இருக்கும் கசப்புப் பொருள் இனிப்பு நீரைக் குறைக்கிறதாம், ஞாபக மறதியைத் தடுக்கிறதாம், விஞ்ஞானிகளே கண்டுபிடித்திருக்கிறார்களாம் என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். அது முழுப் பொய் இல்லை. ஆராய்ச்சிகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் கொடுக்கப்பட்டது ஒன்று, கிளாஸில் ஊற்றிக் குடிப்பது வேறொன்று. இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது

பியருக்கும் ஸ்டவுட்டுக்கும் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. குளிர் நாடுகளில் கம்பியில் படர விட்டு வளர்ப்பார்கள். நம் ஜொகூர் வெயிலுக்கு அது ஒத்துவராது. இந்தியாவில்கூட இமயமலையின் லாஹௌல் பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடத்தில்தான் பயிராகிறது. பச்சை நிறத்தில், செதில் செதிலாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும் அந்தப் பூவைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். கசப்பெல்லாம் அந்தத் தூளில்தான்.

அதில் முக்கியமாக இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. ஒன்று ஹ்யூமுலோன் முதலிய கசப்பு அமிலங்கள். பியர் காய்ச்சும்போது இவை கொதித்து உருமாறி, நாக்கில் தெரியும் அந்தக் கசப்பாகின்றன. மற்றொன்று சாந்தோஹ்யூமோல் என்னும் மஞ்சள் நிறப் பொருள். கைப்பேசிச் செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான்.

ஹாப்ஸை முதலில் மருந்துக்காகப் பியரில் போடவில்லை. அந்தக் கசப்பு அமிலங்கள் பியரைப் புளிக்க வைக்கும் பலவகைக் கிருமிகளை வளர விடாது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்; கள்ளில் ஹாப்ஸ் கிடையாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய பியரில், மாதக்கணக்கான பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள். அதாவது அந்தக் கசப்பு பியரைக் காப்பாற்றப் போட்டது, குடிப்பவரைக் காப்பாற்ற அல்ல.

ஸ்டவுட்டின் கருப்பு நிறத்தைப் பார்த்து அதில் இரும்புச் சத்து நிறைய இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. கோப்பிக்கொட்டை வறுத்தால் கருப்பாவது போலத்தான். பிரிட்டனில் ஒரு ஸ்டவுட் நிறுவனம் 1929-இல் தன் பானம் உடம்புக்கு நல்லது என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரம் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. நம்பிக்கை மட்டும் நின்றுவிட்டது.

ஆராய்ச்சியில் கண்டது என்ன

கசப்பை நம் உடம்பு எப்படி அறிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இனிப்பை அறிய நாக்கில் ஒரே ஒரு வகை உணர்வான்தான் இருக்கிறது. கசப்பை அறிய மனிதருக்குச் சுமார் 25 வகை உண்டு. இயற்கையில் விஷமுள்ள செடிகள் பல கசப்பாக இருப்பதால், உடம்பு இத்தனை காவலாளிகளை வைத்திருக்கிறது. அவற்றில் சில ஹாப்ஸின் கசப்பு அமிலங்களை அடையாளம் காண்கின்றன. அண்மைக் காலத்தில் தெரிந்த செய்தி, இதே காவலாளிகள் குடலிலும் மூச்சுக்குழாயிலும்கூட இருக்கிறார்கள் என்பது. கசப்பு குடலைத் தொட்டதும் அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகலாம், செரிமானம் தொடர்பான சில சுரப்புகள் மாறலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். கசப்பு சாப்பிட்டால் வயிற்றுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதில் ஏதோ ஒரு பொருள் இருக்கக்கூடும்.

ஜப்பானில் ஒரு பியர் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், ஞாபகம் குறைந்து வருவதாக உணர்ந்த 45 முதல் 69 வயது வரையிலான 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஹாப்ஸிலிருந்து பிரித்து, பதப்படுத்திய கசப்பு அமிலம் நாளுக்கு 35 மில்லிகிராம், 12 வாரம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. கசப்பு அமிலம் சாப்பிட்டவர்கள் கவனச் சோதனைகள் சிலவற்றில் சற்று மேலாகச் செய்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் இது மூன்று மாதச் சோதனை, அந்தப் பொருளை விற்கக்கூடிய நிறுவனமே செய்த சோதனை. ஞாபக மறதி நோய் வந்தவர்களை அது குணப்படுத்தியது என்று யாரும் சொல்லவில்லை.

சாந்தோஹ்யூமோலைப் பற்றிப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். கொழுப்புத் தீனி போட்டுக் கொழுக்க வைத்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தத்தில் சீனி சீரானது. எலிகள் வழி கண்டுபிடிப்பதிலும் முன்னேறின. மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆரோக்கியமான 30 பேரைச் சேர்த்து நடத்திய ஒன்றில், சாந்தோஹ்யூமோல் கொடுக்கப்பட்டவர்கள் நாளுக்கு 24 மில்லிகிராம் வீதம் 8 வாரம் சாப்பிட்டார்கள். அந்தச் சோதனை பார்க்க விரும்பியது, இது ஆபத்தில்லாமல் சாப்பிடக்கூடியதா என்பதை. நோயைக் குணப்படுத்துகிறதா என்பது அதன் கேள்வியே அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சும்போது சாந்தோஹ்யூமோல் பெரும்பாலும் வேறு பொருளாகிவிடுகிறது. அந்த வேறு பொருளைச் சிலரின் குடல் கிருமிகள், பெண்மைச் சுரப்புநீர் போல வேலை செய்யும் ஒரு பொருளாக மாற்றுகின்றன. செடிகளில் கண்ட அத்தகைய பொருள்களிலேயே வீரியமானது அது. பியரில் அதன் அளவு மிகக் குறைவு. ஆனால் ஹாப்ஸ் சத்தை அடர்த்தியாக்கிய மாத்திரைகள் வேறு கதை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அம்மாமார் அத்தகைய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டின் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரண பியர் ஒரு லிட்டரில் சாந்தோஹ்யூமோல் சுமார் 0.2 மில்லிகிராம்தான் இருக்கும். சோதனையில் கொடுத்தது நாளுக்கு 24 மில்லிகிராம். பியரிலிருந்தே அதைப் பெற வேண்டுமானால் ஒரே நாளில் 120 லிட்டர் குடிக்க வேண்டும். 320 மில்லிலிட்டர் டின்னில் கணக்கிட்டால் 375 டின். உங்கள் ஸ்டவுட்டில் அது ஐந்து மடங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளுக்கு 75 டின்!

அதே ஒரு டின்னில் மதுச் சத்து எவ்வளவு? 5 விழுக்காடு என்று எழுதியிருந்தால், 320 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 12.6 கிராம். மலேசியச் சுகாதார அமைச்சின் கணக்கில் 10 கிராம் ஓர் அளவு. ஆக, ஒரு டின் ஓர் அளவைத் தாண்டிவிடுகிறது. கசப்புப் பொருள் தூசி அளவு, மதுச் சத்து கிராம் கணக்கில். எது உடம்பில் வேலை செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மதுச் சத்து புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே வகைப்படுத்தியது. எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ரத்தக் கொதிப்பை அது ஏற்றும், கல்லீரலைக் கெடுக்கும், வயதானவர்கள் தடுமாறி விழவும் காரணமாகும். தினமும் ஒரு கிளாஸ் ரத்தக்குழாய்க்கு நல்லது என்று முன்பு மருத்துவர்களே சிலர் சொன்னார்கள். இன்று அப்படிச் சொல்வதில்லை.

மாத்திரையும் மதுவும்

இந்தப் பிரசுரத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

2023-இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. வயது கூடக் கூட அது இன்னும் அதிகம். இந்தியர்களிடையேயும் அதிகம். ஆகவே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ, இன்சுலின் ஊசியோ நிச்சயம் இருக்கும்.

ரத்தத்தில் சீனி குறையும்போது கல்லீரல் புதிதாகச் சீனி தயாரித்து ஈடுகட்டும். மது உள்ளே வந்தால் கல்லீரல் முதலில் அதை அகற்றப் போய்விடும். சீனி தயாரிப்பது நின்றுபோகும். மாத்திரை ஒரு பக்கம் சீனியை இறக்கிக்கொண்டிருக்கும், கல்லீரல் கை கொடுக்காது. சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுக் குடித்தவருக்கு இது மிக வேகமாக நடக்கும். குடித்தது மாலையில் என்றாலும் சீனி இறங்குவது நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ இருக்கலாம்.

பயங்கரம் இதில்தான்: சீனி இறங்கியவரும் குடித்தவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். வேர்வை, நடுக்கம், தள்ளாட்டம், குழறிய பேச்சு, காரணமில்லாத கோபம், பிறகு தூக்கம். வீட்டார், "தாத்தா குடித்துவிட்டுத் தூங்குகிறார், விடு" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

விடாதீர்கள். தட்டி எழுப்புங்கள். சோதனைக் கருவி இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், விழித்து விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட்டோ சோறோ கொடுங்கள். எழுப்பியும் கண் திறக்காதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். அவர் இனிப்பு நீர்க்காரர், மாத்திரை சாப்பிடுகிறார், இன்று குடித்திருக்கிறார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மூன்றாவதை மறைப்பவர்கள் உண்டு. அதனால் நேரம் போகும்.

மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மது கெடுதல்.

இதைப் படித்துவிட்டு, பல வருடங்களாக நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் நாளைக் காலையே ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். முதலில் சுகாதாரக் கிளினிக்குக்கு வாருங்கள். படிப்படியாக, மருந்தின் துணையோடு நிறுத்த உதவ முடியும். திட்டுவார்களோ என்று பயந்து வராமல் இருப்பதுதான் கெடுதல்.

பாகற்காயும் நிலவேம்பும்

நான் குடிப்பதே இல்லை, எனக்குப் பாகற்காய்ச் சாறுதான் என்று சில அம்மாமார் சொல்வார்கள். அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்: எவ்வளவு, எதனோடு?

பாகற்காய்க்குச் சீனியைக் கொஞ்சம் இறக்கும் சக்தி உண்டு என்று சில சோதனைகள் காட்டுகின்றன. தாய்லாந்தில் புதிதாக இனிப்பு நீர் கண்டறியப்பட்டவர்களை வைத்துச் செய்து, 2011-இல் வெளியான ஆய்வில், உலர்ந்த பாகற்காய்த் தூள் நாளுக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் கொடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல பலன் கிடைத்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காயை நம்புவது பெரியதைக் கொடுத்துச் சிறியதை வாங்குவது போல. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் சாறு குடிப்பதும், கேப்சூல் விழுங்குவதும் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். பாகற்காய்ப் பொரியல், குழம்பு ஆகியவற்றுக்கு இந்தப் பயம் வேண்டாம். தாராளமாகச் சமையுங்கள், உப்பையும் எண்ணெயையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிலவேம்பை மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள், பூமியின் பித்தம் என்று பொருள். நாம் நிலத்தின் வேம்பு என்றோம். இரண்டு பெயரும் ஒரே கசப்பைத்தான் சொல்கின்றன. அதிலுள்ள பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு. 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கிக் காய்ச்சல் பரவியபோது, நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம் முதலியவை சேர்ந்த ஒன்பது சரக்குக் குடிநீரை அரசாங்கமே மக்களுக்கு வழங்கியது. அதைப் பார்த்து இங்கும் பலர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. டெங்கியில் காய்ச்சல் விட்டபிறகுதான் பலருக்கு நிலைமை மோசமாகும். இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் ரத்தம் சோதிக்க வாருங்கள். காய்ச்சல் தணிந்தும் ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் அதே மணி நேரத்தில் தங்காக் மருத்துவமனைக்குப் போங்கள்.

நிலவேம்பு ரத்த அழுத்தத்தையும் சீனியையும் இறக்கும் தன்மை கொண்டது என்பதால் அதே வேலை செய்யும் மாத்திரைகளோடு சேரும்போது தலைசுற்றி விழலாம். வார்ஃபரினோடும் ஒத்துவராது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாவது பற்றி ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே 999.

தூக்கத்துக்கு ஹாப்ஸ் மாத்திரை

ஐரோப்பாவில் ஹாப்ஸ் பூவைத் தூக்கத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் பரம்பரையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வலேரியன் என்னும் வேரோடு சேர்த்து மாத்திரையாக இணையத்தில் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் வாங்கி வருகிறார்கள். அதில் மது இல்லை என்பது நல்லதுதான். ஆனால் டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தூக்கம் வராத கஷ்டம் சின்னதாகிவிடும்.

கிளினிக்குக்கு வரும்போது

அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டு வாருங்கள். கிளினிக் மாத்திரை, சீன மருந்துக் கடைச் சரக்கு, பாசார் மாலாமில் வாங்கிய போத்தல், மகள் அனுப்பிய கேப்சூல், வீட்டில் காய்ச்சும் கஷாயத்தின் பெயர் எல்லாமே. மருந்தாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்.

போத்தலில் எம்-ஏ-எல் என்ற மூன்று எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண்ணின் கடைசியில் டி எழுத்து இருக்கும். பதிவில்லாத சில சரக்குகளில், மேலே மூலிகை என்று எழுதி, உள்ளே ஸ்டீராய்டோ இனிப்பு நீர் மாத்திரையோ கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. "இதைக் குடித்த மூன்றாம் நாளே முட்டி வலி பறந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பதிவு எண் இருந்தாலும், அது உங்கள் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்பது தனிக் கேள்வி. அதை மருந்தாளரிடமே கேளுங்கள்.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மருத்துவரோ தாதியோ கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை டின், என்ன பானம், சாப்பிட்ட பிறகா முன்பா என்று தெரிந்தால்தான் மாத்திரையின் அளவைச் சரியாக வைக்க முடியும். மலாயில் விளக்கிச் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று முகப்பில் கேளுங்கள், அல்லது பேரப்பிள்ளை ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். பேரப்பிள்ளை முன்னால் சொல்லக் கூச்சமாக இருப்பது ஏதேனும் இருந்தால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.